எந்த ஏரியில் எத்தனை சிறகி

கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கான மக்கள் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் அதே வாரங்களில் வடக்கிலிருந்து இன்னொரு கூட்டமும் வந்து இறங்கிவிடுகிறது. மக்கள் கூட்டத்துக்கு ஏதோ ஒரு கணக்கு உண்டு. எத்தனை சிறப்புப் பேருந்து ஓடியது, எத்தனை ரயில் விட்டார்கள் என்று மறுநாள் செய்தித்தாளில் படித்துவிடலாம். ஏரிக்கு வந்த சிறகிகளுக்கும் உள்ளான்களுக்கும் யாரும் அப்படிக் கணக்குச் சொல்வதில்லை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டு விலகி, மலைக்கு முதுகைக் காட்டி நடந்தால் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் போய் ஏறலாம். மழை பெய்த வருஷமாக இருந்தால் நீலச்சிறகியோ தட்டைவாயனோ ஊசிவால் வாத்தோ தண்ணீரில் மிதக்கும். சைபீரியப் புல்வெளிகளிலும் கசகஸ்தானத்துச் சதுப்புகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து, பங்குனியில் திரும்பிப் போகிறவை இவை. இந்த ஆண்டு எத்தனை வந்தன? போன ஆண்டைவிடக் கூடவா, குறைவா? குறைவென்றால் இங்கே ஏதாவது கெட்டுப்போனதாலா, அங்கே குஞ்சு பிழைக்காததாலா, வழியில் எங்கோ சுடப்பட்டதாலா? கேட்கச் சுலபமான கேள்விகள். உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணிக்கொண்டிருந்தும் இவற்றில் பலவற்றுக்கு அரைகுறை விடைதான் கையில் இருக்கிறது.

உலகளாவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967இல் ஐரோப்பாவை மையமாகக் கொண்டு தொடங்கியது. அதன் ஆசியப் பகுதி 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பித்தது. வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து இந்தியாவில் அதை நடத்திவருகின்றன. ஜனவரியில்தான் எண்ணுவார்கள். காரணம் எளிது. இலையுதிர்காலத்திலும் வசந்தத்திலும் பறவைகள் பாதி வழியில் இருக்கும். ஒரே பறவை இன்று ராஜஸ்தானிலும் அடுத்த வாரம் ஆந்திரத்திலும் எண்ணப்படலாம். ஜனவரி நடுவில் பெரும்பாலானவை போக வேண்டிய இடத்துக்குப் போய் அமர்ந்திருக்கும். நமக்கு அது பொங்கல் வாரம். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று ஒன்றைத் தனியாக நடத்துகிறார்கள். மாநில வனத்துறையும் நீர்ப்பறவைகளுக்கு ஒரு வார இறுதி, நிலப்பறவைகளுக்கு இன்னொன்று என்று மாவட்டங்கள் அனைத்திலும் ஒரே சமயத்தில் எண்ணும் முறையைச் சில ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிறது.

எண்ணுவது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் புரியும். வெயில் முதுகுப் பக்கம் விழ நிற்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்புதான். அடி அண்ணாமலைப் பக்கம் மலை கிழக்கே நிற்பதால் சூரியன் தாமதமாகத்தான் தண்ணீரைத் தொடுகிறது. அதுவரை காத்திருக்க வேண்டும். நீலச்சிறகிகள் பகலில் அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு ஏரி நடுவில் தெப்பம்போல் நெருக்கமாக மிதந்து தூங்கும். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பிடித்துக்கொண்டு, அதை நூறாக விரித்து, அந்த நூறைக் கூட்டத்தின்மேல் எடுத்து எடுத்து வைத்துப் போக வேண்டும். தட்டைவாயன்கள் இன்னும் சிரமம் கொடுப்பவை. சேர்ந்து வட்டமாகச் சுற்றி நீரைக் கலக்கி, மேலே வரும் நுண்ணுயிர்களை அலகால் சலித்து எடுப்பவை என்பதால் எந்த நேரத்திலும் சிலவற்றின் தலை தண்ணீருக்குள் இருக்கும். முந்நூறு வரை வந்திருப்போம். அப்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வரும். மொத்தக் கூட்டமும் எழும்பி, இரண்டு சுற்றுச் சுற்றி, கலந்துகட்டி இறங்கும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பெரிய கூட்டங்களை மனிதர்கள் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த சங்கதி. எனவே ஆண்டுதோறும் ஒரே ஆள், ஒரே கரை, ஒரே நேரம் என்றால் அந்தக் கணக்கில் உள்ள பிழையாவது ஒரே மாதிரி இருக்கும். ஏற்ற இறக்கத்தை நம்பலாம். ஆள் மாறி, இடம் மாறி எண்ணிய துல்லியமான எண்களைவிட அது எவ்வளவோ மேல்.

இப்படிச் சேர்ந்த எண்கள் எதற்குப் பயன்படுகின்றன? உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஒரு நீர்நிலை இடம்பெற உள்ள அளவுகோல்களில் இரண்டு நீர்ப்பறவைத் தொகை சம்பந்தப்பட்டவை. இருபதாயிரம் நீர்ப்பறவைகளுக்கு வழக்கமாக இடம் தர வேண்டும். அல்லது ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அங்கே இருக்க வேண்டும். ஒரு பங்கு எது என்று தெரிய மொத்தம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். ஜனவரிக் கணக்கெடுப்பு அந்த மொத்தத்துக்குத்தான் அடித்தளம். தன்னார்வலர்கள் கைப்பேசியில் பதிவேற்றும் பட்டியல்கள் இன்னொரு ஊற்று. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிந்த ஏறத்தாழ மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு இருந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 குறைந்திருந்தன. நெடுந்தூரம் வலசை வரும் பறவைகளின் சரிவு, உள்ளூர்ப் பறவைகளின் சரிவைவிடக் கூர்மையாக இருந்தது.

இந்தப் பட்டியல்களின் குறையை ஒளிக்க வேண்டியதில்லை. பார்க்கிறவர் எங்கே போகிறாரோ அங்கேதான் பறவை பதிவாகிறது. சரணாலயத்துக்குப் போவார்கள், நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஏரிக்குப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை போவார்கள். திருவண்ணாமலையில் இதற்கு ஒரு விசித்திரமான துணைக்காரணமும் உண்டு. ரமணாசிரமத்தையொட்டிக் குளிர்காலத்தில் வந்து தங்கும் வெளிநாட்டினர் கிட்டத்தட்ட வாத்துகள் வருகிற மாதத்தில் வந்து, அவை போகிற மாதத்தில் போகிறார்கள். அவர்களில் சிலர் கழுத்தில் இருநோக்கியும் தொங்குகிறது. அவர்கள் நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள சமுத்திரம் ஏரியைப் பார்க்க ஆள் உண்டு. வேட்டவலம் சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊராட்சி ஏரிக்கு ஆள் இல்லை.

என் வாதம் அந்த ஆளில்லாத ஏரியைப் பற்றியது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய நாற்பதாயிரம் ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. பழைய வடாற்காடு இந்த ஏரிகளால் ஆன பூமி. ஒன்றின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரத்து. வலசை வாத்து இந்தத் தொடரில் எதையும் தன் நிரந்தர முகவரியாகக் கொள்வதில்லை. பகலில் ஏரியில் தூங்கிவிட்டு இருட்டியதும் நெல் வயல்களுக்கு இரை தேடிப் போகிறது. நவரைப் பட்டத்துக்குச் சேறடித்த கழனி, சம்பா அறுத்த தாள், ஓடைக்கரைப் பள்ளம் எல்லாம் அதற்கு மேய்ச்சல். பகலில் ஏரிக்கரையில் நின்று எண்ணும் நாம் அதன் படுக்கையறையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம். சமையற்கட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வயலில் என்ன மருந்து அடித்தார்கள், நெல்லை விட்டு மல்லாட்டைக்கும் கரும்புக்கும் எத்தனை காணி மாறியது, மனைப் பிரிவாக எவ்வளவு போனது என்பவை கணக்கெடுப்புப் படிவத்தில் வருவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் மழை. மழை குறைந்த ஆண்டில் மாவட்டத்தில் நாலைந்து ஏரியில்தான் தண்ணீர் நிற்கும். சுற்றுவட்டாரத்துப் பறவையெல்லாம் அங்கே குவியும். எண்ணப் போனவருக்குக் கொண்டாட்டம். ஆயிரக்கணக்கில் வாத்து என்று படத்தோடு செய்தி வரும். நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா ஏரியும் நிரம்பும். பறவைகள் பரவிவிடும். அதே ஏரியில் ஐம்பது கூடத் தேறாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 1958இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பின் வரும் ஜனவரியில் ஏரிகள் கரை தொட்டு நிற்கும். கொசு உள்ளானுக்கும் பொரி உள்ளானுக்கும் கணுக்காலளவு நீரும் ஈரச் சேறும் வேண்டும். விளிம்பு முழுக்க ஆழமாகிவிட்டால் அவை எங்கே நிற்கும்? அந்த ஆண்டில் ஒரு குறிப்பிட்ட ஏரியில் உள்ளான் இல்லை என்பதை வைத்து உள்ளான் அழிகிறது என்றோ, வறட்சி ஆண்டில் வாத்து குவிந்ததை வைத்து வாத்து பெருகுகிறது என்றோ முடிவுகட்டினால் இரண்டும் தவறு. இதற்கு மருந்து, ஒரு ஏரியை எண்ணாமல் ஒரு தொடரை எண்ணுவது. நிரம்பியது, வற்றியது, பறவை இருப்பது, இல்லாதது என்று பாராமல் அதே இருபது ஏரியை அதே நாளில் பார்க்க வேண்டும். பறவையே இல்லாத ஏரிக்குப் பூஜ்யம் எழுத வேண்டும். பார்த்துச் சலித்துப்போனவர்கள் அந்தப் பூஜ்யத்தை எழுதாமல் வீட்டுக்குப் போய்விடுவதுதான் நம் தரவுகளின் மிகப் பெரிய ஓட்டை.

எண்ணுவது ஒரு வழி என்றால் வளையமிடுவது மற்றொன்று. அதற்குத் தமிழ்நாட்டில் பேர்பெற்ற ஊர் ஒன்று இருக்கிறது: கோடிக்கரை. இந்த வேலைக்குப் பணம் வந்த கதையே சுவாரஸ்யம். 1957இல் கர்நாடகத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. கிருமி உண்ணி மூலம் பரவுவது; ரஷ்யாவில் அறியப்பட்ட ஒரு கிருமிக்கு உறவு. வடக்கிலிருந்து பறவைகள் உண்ணியோடு சேர்த்து நோயையும் சுமந்து வருகின்றனவோ என்று உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகம். அந்த அச்சத்தின் துணையோடுதான் 1959இல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய்க் கழகம் பெரிய அளவில் பறவை வளையமிடலைத் தொடங்க முடிந்தது. பறவையின்மேல் உள்ள பரிவுக்குக் கிடைக்காத காசு பயத்துக்குக் கிடைத்தது. கோடிக்கரை அந்தத் திட்டத்தின் முக்கிய முகாம்களில் ஒன்றாகி, பிறகு பல பத்தாண்டுகள் நீடித்தது. இரவில் மெல்லிய வலை கட்டி உள்ளான்களைப் பிடித்து, எடை பார்த்து, சிறகளந்து, காலில் அலுமினிய வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற ஆங்கில வாசகமும் இருக்கும். கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தாண்டுவது அபூர்வம். அதன் காலுக்கு ஏற்ற வளையத்தில் எழுத்தைப் படிக்க உருப்பெருக்கி இல்லாமல் முடியாது. ஆனாலும் அந்த வளையங்களில் சில ரஷ்ய வேட்டைக்காரர்களின் கைவழியாகத் திரும்பி வந்தன. நம் வலசைப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு உறுதியான சாட்சியம் இப்படி, செத்த பறவைகளின் கால்களிலிருந்து கிடைத்தது.

இப்போது நிறக் கொடிகளும் கழுத்துப் பட்டைகளும் வந்துவிட்டன. தொலைநோக்கியிலேயே படித்துவிடலாம், பறவை சாக வேண்டியதில்லை. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை கட்டிய பட்டைத்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் படம் எடுத்திருக்கிறார்கள். செயற்கைக்கோள் கருவி மாட்டிய அதே இன வாத்து இமயத்துக்கு மேல் 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் பெரும்பாலும் மிதக்காமல் சிறகடித்தே கடக்கிறது. இதையெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கருவிகள் விலை அதிகம்; ஒரு நூறு பறவையின் பாதை தெரியலாம், லட்சம் பறவையின் தொகை தெரியாது. தொகைக்குக் கரையில் நிற்கிற ஆள்தான் கதி.

கோடிக்கரையில் அந்த நீண்ட தொடர்ப்பதிவு ஒரு வருத்தமான விஷயத்தையும் சொன்னது. 1980களில் அங்கே லட்சக்கணக்கில் உள்ளான்கள் கூடிய சதுப்பில் பிற்பாடு அந்த அளவுக் கூட்டங்கள் இல்லாமல் போயின. காவிரியின் நன்னீர் வரத்துக் குறைந்தது, உப்பளங்கள் விரிந்தது, அதனால் நீரின் உவர்ப்பும் அதில் வாழும் சிறு உயிர்களும் மாறியது ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். 1967இல் சரணாலயமாகி, 2002இல் தமிழகத்தின் முதல் ராம்சார் தலமான இடம் அது. வேலி போட்டதும் பலகை நட்டதும் தண்ணீரின் தன்மையைக் காப்பாற்றவில்லை. தொடர்ந்து அளந்திராவிட்டால் இந்தச் சரிவே நமக்குத் தெரிந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் ஒரு பறவையைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி. அங்கே குளிர்காலத்துக்கு வந்துகொண்டிருந்த சைபீரியக் கொக்குகளை ஆண்டுதோறும் ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தவை பத்துகளாகி, ஒரு ஜோடியாகி, 2001–02 குளிர்காலத்துக்குப் பிறகு வருவதே நின்றுபோனது. வழியில் நடந்த வேட்டையையும் வாழிடச் சிதைவையும் இங்கிருந்து எண்ணித் தடுக்க முடியாது. அதனால்தான் வலசைப் பாதை என்கிற முழு நீளத்தையும் ஒரு அலகாகப் பார்க்கும் முயற்சிகள் எழுந்தன. ஆர்க்டிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை முப்பது நாடுகளைத் தொடும் மத்திய ஆசியப் பாதைக்கு 2005இல் தில்லியில் ஒரு செயல்திட்டம் வகுத்தார்கள். இந்தியா 2018இல் தன் தேசியத் திட்டத்தை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் காந்திநகரில் வலசை உயிரினங்களுக்கான உலக மாநாட்டை நடத்தியது. 2024இல் சமர்கண்ட் மாநாட்டில் இந்தப் பாதைக்கான ஒருங்கிணைப்பு அலுவலகம் இந்தியாவில் அமைய ஒப்புதல் கிடைத்தது. ஆவணங்களுக்குக் குறைவில்லை.

இனி உள்ளூருக்கு வருவோம். பறவையைக் காப்பதில் நம்மூர் மக்களுக்குச் சட்டத்தைவிட நீண்ட அனுபவம் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊர்க்காரர்கள் முறையிட்டதன்பேரில், செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798இல் அதைத் தடுத்துக் கவுல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அந்த முறையீட்டில் பக்தியும் இருந்திருக்கலாம்; லாபக் கணக்கு நிச்சயம் இருந்தது. நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். முப்பது ஹெக்டேர் ஏரி அது, நீர்ப்பாசனத்துக்காக வெட்டியது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்ட விட்டுவிடுகிறார்கள்.

இந்த எடுத்துக்காட்டுகளை மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆனால் இவற்றில் ஒரு வேறுபாடு கவனிக்கப்படுவதில்லை. ஊர் காத்தது பெரும்பாலும் கூடு கட்டும் பறவைகளை: நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன். இவை நம் ஊரில் குஞ்சு பொரிப்பவை, மாதக்கணக்கில் ஒரே மரத்தில் இருப்பவை, கண்ணுக்குப் பெரியவை, எச்சம் தருபவை. நீலச்சிறகிக்கும் உள்ளானுக்கும் இங்கே கூடு இல்லை, குஞ்சு இல்லை. ஊர்க்காரருக்கு அவற்றோடு பழக்கமே ஏற்படுவதில்லை. பழக்கம் ஏற்பட்டது வேட்டைக்காரருக்குத்தான். உள்ளான் கறிக்கு இன்றும் கிராக்கி உண்டு. கண்ணி வைப்பதும் வலை கட்டுவதும் நெல்லில் விஷக் குருணை கலந்து தூவுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நின்றபாடில்லை. வேட்டைக்காரச் சாதிகளை மட்டும் குற்றம் சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். வாங்கித் தின்கிறவர் காரில் வருகிறார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாடோடியாக வாழ்ந்த வேட்டைக்காரருக்கு எந்த ஏரிக்கு எந்த வாரத்தில் எந்தச் சிறகி வரும் என்பது எங்களைப்போல் கரையில் நிற்கிறவர்களைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவைக் கணக்கெடுப்புக்குக் கூலி கொடுத்துப் பெறுவதில் என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டத்தின் விசித்திரத்துக்கு வருகிறேன். ஈரநிலங்களைக் காக்க ஒன்றிய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகள், ஈரநிலம் என்றால் என்ன என்று வரையறுக்கும்போது சிலவற்றை விலக்குகின்றன: ஆற்றின் பாதை, நெல் வயல், குடிநீருக்காக மனிதர் வெட்டியவை, மீன் வளர்ப்பு, உப்பு, பொழுதுபோக்கு, பாசனம் ஆகியவற்றுக்கென்று கட்டியவை. தமிழ்நாட்டு ஏரி எது? பாசனத்துக்குக் கட்டியது. வாத்து இரவில் மேய்வது எங்கே? நெல் வயலில். கோடிக்கரையைச் சுற்றி உள்ளான் நிற்பது எங்கே? உப்பளத்தில். ஒரே வாக்கியத்தில் நம் வலசைப் பறவைகளின் முக்கால்வாசி இருப்பிடம் வரையறைக்கு வெளியே போய்விட்டது. ஆனால் வேடந்தாங்கலும் கரைவெட்டியும் கூந்தன்குளமும் பாசன நீர் தேங்குமிடங்கள்தான். இவை ராம்சார் தலங்கள். 2025 தொடக்கத்தில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தபோது தமிழ்நாட்டின் எண்ணிக்கை இருபதாகி, நாட்டிலேயே முதலிடம் தொடர்ந்தது. அவ்விரண்டும் இராமநாதபுரத்துக் கண்மாய்கள். இருபது இடங்களுக்கு உலகப் பட்டயம், மற்ற நாற்பதாயிரத்துக்கு வரையறையிலேயே இடமில்லை. மாநில அரசு 2022இல் தொடங்கிய ஈரநில இயக்கம் நூறு நீர்நிலைகளைக் குறி வைத்தது. நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன தொடர் என்ற எண்ணத்தின்படி பார்த்தால் நூறைப் பொறுக்கி எடுப்பதே பறவையின் வாழ்க்கைமுறைக்குப் பொருந்தாத அணுகுமுறை. வறண்ட ஆண்டில் அந்த நூறில் ஒன்று வற்றினால் பறவை போகவேண்டியது பட்டியலில் இல்லாத பக்கத்து ஏரிக்குத்தானே?

பக்கத்து ஏரிக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு செய்வதே கெடுதலாக முடிகிறது. 2017இல் குடிமராமத்து மீண்டும் வந்தது. தூர்வாருவது தேவை, சந்தேகமில்லை. ஆனால் பொக்லைன் வைத்துக் கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டிப் பள்ளம் எடுத்தால் நீர்க் கொள்ளளவு கூடும், விளிம்புச் சேறு போய்விடும். முன்பு மாட்டு வண்டியில் வண்டல் அள்ளிய காலத்தில் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பக்கம் தட்டுப்போல் சரிந்து கிடக்கும். நீர் ஒரு சாண் இறங்கினால் பத்தடிச் சேறு வெளியே தெரியும். தை முதல் பங்குனிவரை தினம் ஒரு புது விளிம்பு திறந்துகொண்டே இருந்தது. உள்ளான் பிழைப்பது அந்த விளிம்பில். செங்குத்துப் பள்ளத்தில் நீர் ஒரு சாண் இறங்கினால் ஒரு சாண் சுவர்தான் தெரியும். மதகுப் பக்கம் ஆழப்படுத்திவிட்டு வரத்துக்கால் பக்கச் சரிவைத் தொடாமல் விடச் சொல்வது பெரிய தொழில்நுட்பமில்லை. மதிப்பீட்டில் ஒரு வரி. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கும்போதும் அவசரம் கூடாது. அதைப் பரப்பியதால் வந்த கேடு அதிகம். ஆனால் வேறு மரமே விட்டுவைக்காத ஏரியில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருப்பது அதில்தான். கூடு காலியான பிறகு வெட்டலாம். நடுவில் ஒரு மண்திட்டு விட்டு நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ பிடித்த பிறகு வெட்டினால் இன்னும் நல்லது. மீன் ஏலம் இன்னொன்று. ஏலம் எடுத்தவர் கெண்டைக் குஞ்சு விட்டிருப்பார். நீர் குறையும்போது நீர்க்காகமும் கூழைக்கடாவும் இறங்கினால் வெடி போட்டு விரட்டுவார். அவர் நஷ்டம் உண்மையானது. ஆனால் வெடிச் சத்தத்துக்கு மீன் தின்னாத சிறகியும் சேர்ந்து பறந்துவிடுகிறது. ஏல நிபந்தனையில் வெடி கூடாது என்று எழுதி, அதற்கு ஈடாகத் தொகையைக் குறைத்துக்கொள்ள ஊராட்சிக்கு மனமும் அனுமதியும் வேண்டும்.

அடி அண்ணாமலையிலிருந்து இதை எப்படித் தொடங்கலாம் என்று கேட்டால் என் பதில் சிறியது. மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஏற்கனவே ஒரு வட்டம். அதற்கு வெளியே அடுத்த வட்டமாக இருபது ஏரியைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றிலும் நிற்க வேண்டிய இடத்தைக் கரையில் ஒரு கல்லால் குறித்துவிட வேண்டும். பக்கத்துப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் ஏரி. பிள்ளைகள் மேற்படிப்புக்குப் போனாலும் வகுப்பு அங்கேயே இருக்கும். முதல் இரண்டு வருஷம் இனம் பிரிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. வாத்து, உள்ளான், நாரை, நாமக்கோழி என்று நாலு பத்தி போதும். ஆனால் நீர்மட்டம் எழுத வேண்டும்: கலங்கல் வழிகிறதா, மதகு மட்டத்தில் இருக்கிறதா, குட்டையாகக் கிடக்கிறதா, காய்ந்துவிட்டதா. சுற்றிலும் வயலில் என்ன பயிர் என்பது இன்னொரு பத்தி. இந்த இரண்டு பத்தியும் இருந்தால்தான் பறவை எண்ணுக்கு அர்த்தம் வரும்.

தை மாதத்தில் ஒருமுறை எண்ணினால் உலகக் கணக்கோடு சேரும். அதோடு நிறுத்தக்கூடாது. பங்குனி நடுவில் இன்னொரு முறை போயாக வேண்டும். அப்போது வெயில் ஏறியிருக்கும், தேர்வு நெருங்கியிருக்கும், ஏரியில் பார்க்க அழகாக ஒன்றுமிருக்காது. எனவே யாரும் போவதில்லை. நீலச்சிறகிகள் வடக்கே கிளம்புமுன் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்வது அந்த வாரங்களில்தான். இருபது ஏரியில் பதினெட்டு வற்றி, மிச்சமிருக்கிற இரண்டில் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். வலைக்காரருக்கும் அது தெரியும். எந்த இரண்டு ஏரி கடைசிவரை தண்ணீர் வைத்திருக்கிறது என்று ஐந்தாறு ஆண்டுப் பதிவு கையில் இருந்தால், அந்த இரண்டுக்கு மட்டும் பங்குனி முழுக்க இரவுக் காவல் போடும்படியும், அந்த மாதத்தில் மோட்டார் வைத்து அடிமட்ட நீரை இறைக்காமல் இருக்கும்படியும் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க முடியும். இப்போது கேட்டால் எந்த ஏரி என்று திருப்பிக் கேட்பார்கள். சொல்ல நம்மிடம் பெயர் இல்லை.